ரோட்டுப் பக்கச் சுவத்துல மதினி

எங்க பக்கம் கேமராவோட ஒருத்தர் வந்து இறங்கினா டீக்கடைக்காரர் கேக்கிற முதல் கேள்வி, "சாருக்கு எந்த டிபார்ட்மெண்ட்?" அவரு கேட்டு முடிக்கிறதுக்குள்ள ரோட்டோரம் நிக்கிற பொம்பளைக சேலைத் தலைப்பை மூக்கு வரைக்கும் இழுத்துக்கிடுவாக. இதுல தப்பு ஒண்ணும் இல்ல. எங்கயாவது ஒரு பட்டாசு ஷெட்டு வெடிச்சா மறுநாளு டிவிக்காரங்க வருவாக. பின்னாடியே ஆபீசருங்க வருவாக. அதுக்கப்பறம் சின்னக் கம்பெனியா பாத்து நாலு கதவைப் பூட்டுவாக. சீசன் நேரத்துல வேலை இல்லாம வீட்டுல உக்காந்திருக்கப்போறது யாருன்னு நான் சொல்லித் தெரியவேண்டியதில்ல. அதனால அந்த ஓவியரை முதல் நாளே நான் சந்தேகப்பட்டேன்னா அது என் குணக்கோளாறு இல்ல. குணக்கோளாறும் கொஞ்சம் உண்டுதான். பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கிறவளுக்கு அது இல்லாம பொழப்பு ஓடாது.

சென்னையில இருந்து வந்திருந்தாரு. பரோடாவுல ஓவியம் படிச்சவராம். தாடி, பெயிண்டு ஒட்டின பேண்ட்டு, மெதுவான பேச்சு. கூட ஒரு பொண்ணு, எந்நேரமும் போனை நீட்டிப் பிடிச்சுக்கிட்டே நடக்கும். ஊர் ஊராப் போயி ரோட்டுச் சுவத்துல பெரிசு பெரிசாப் படம் வரையிறது, அதையெல்லாம் போட்டோவும் வீடியோவுமா எடுத்து கடைசியில சென்னையில ஒரு பழைய குடோன்ல கண்காட்சி வைக்கிறது, இதுதான் அவுக திட்டமாம். எங்க பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவரு விஸ்வநத்தத்தைத் தாண்டிப் போற ரோட்டை ஒட்டி நீளமா இருக்கும். அதைப் பாத்துட்டு வந்து கேட்டிருக்காரு. எங்க ஹெச்.எம். உடனே சரின்னுட்டாக, வெள்ளையடிக்கிற செலவு மிச்சம்னு. கூட இருந்து பாத்துக்கிற வேலையை மட்டும் என் தலையில கட்டிட்டாக.

"கலையை மக்கள்கிட்ட கொண்டுவர்றோம் டீச்சர்"னாரு.

"சரி. போகும்போது மக்கள்கிட்ட இருந்து என்னத்தைக் கொண்டுபோவீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சாரு. நல்ல சிரிப்புதான். எனக்கு அதுவும் பிடிக்கல.

தான் வரைஞ்ச படங்களைப் போன்ல காட்டினாரு. ஒண்ணுல மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமா ஒரு பொம்பளை. இன்னொண்ணுல வெறும் சாக்கு மூட்டைக, அதுக்கு மேல ஒரு தலை. எங்க ஊர்ல படம் பாக்கத் தெரியாத ஆளு கிடையாது. வீட்டுக்கு ஒருத்தர் பிரஸ்ல இருப்பாக. காலண்டரு, பட்டாசு லேபிளு, தீப்பெட்டி லேபிளுன்னு அச்சடிச்சு அச்சடிச்சு, ஒரு கலரு மயிரிழை விலகினாலும் கண்டுபிடிச்சுருவாக. அப்படிப்பட்ட ஊர்ல வந்து மூக்கையே விலக்கி வச்சுக் காட்டுறாரே, இதையெல்லாம் காசு குடுத்து வாங்குறாகளான்னு கேட்டேன். அவரு கோவிச்சுக்கிடல. வாங்குறாங்க, வாங்கி வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருறாங்க, நான் வரைஞ்சதை நானே திரும்பப் பாக்க முடியறதில்லன்னாரு. கேலரிக்கு வர்றவங்க கையில டம்ளரோட ஒரு படத்து முன்னாடி அரை நிமிசம் நிப்பாங்க, அப்பறம் அடுத்த படத்துக்குப் போயிருவாங்க, அதுல மனசு விட்டுப்போயித்தான் சுவத்துக்கு வந்தேன்னாரு. எங்க ஊர்ல படம் ஒரு வருசம் வீட்டுல தொங்கும், மறுவருசம் அலமாரித் தட்டுல விரிச்சிருவோம்னேன். அதை உடனே போன்ல குறிச்சுக்கிட்டாரு. எதைச் சொன்னாலும் எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிடுற ஆளுன்னு அன்னைக்கே மனசுல வச்சுக்கிட்டேன்.

முதல்ல சுவத்துல சிவப்புச் சாக்பீசால கட்டம் கட்டமாக் கோடு போட்டு நம்பர் எழுதினாரு. சின்னப் படத்தைப் பெருசாக்க அப்படித்தான் செய்யணுமாம். அவ்வளவுதான், ரோட்டை அகலப்படுத்த அளந்துட்டாகன்னு ஊர் பூராவும் பேச்சு கிளம்பிருச்சு. எதிர்த்தாப்புல இருக்கிற டீக்கடைக்காரருக்குத்தான் பயம், கடை முன்பக்கம் போயிரும்னு. ரெண்டு நாளு அந்த ஓவியருக்கு டீயே குடுக்கல, பாலு தீந்துபோச்சுன்னுட்டாரு. நானும் ஒண்ணும் சொல்லல. ஒரு ஆளு ஊருக்குள்ள வந்தா கொஞ்சம் அலையட்டுமே.

என் கோபம் நிசமாக் கிளம்பினது எங்க மதினியைக் கேட்டப்பத்தான். மதினின்னா எங்க அண்ணன் வீட்டுக்காரி. பட்டாசுக் கம்பெனியில வெடிக்குள்ள மருந்து செலுத்துற வேலை. ஒருநாள் லீவு போட்டிருந்தவுக எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாக. அவுக முகத்தை அந்த ஓவியரு பாத்தாரு, பாத்துக்கிட்டே இருந்தாரு, அப்பறம் என்கிட்ட வந்து இந்த அம்மாவை வரையலாமான்னாரு. முடியாதுன்னு நான் பட்டுனு சொல்லிட்டேன். பட்டாசு வேலை பாக்கிற பொம்பளை முகத்தைச் சுவத்துல பெருசா எழுதிட்டு இவரு பாட்டுக்கு ரயிலேறிப் போயிருவாரு. கம்பெனிக்காரன் வந்து யாருகிட்ட என்ன சொன்னேன்னு கேட்டா மதினியில்ல பதில் சொல்லணும்.

ஆனா மதினி என்னைத் தள்ளிட்டு அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாக. "சுவத்துல உள்பக்கமா வரைவீகளா, ரோட்டுப் பக்கமா?"

ரோட்டுப் பக்கம்னாரு. அப்பச் சரின்னுட்டாக.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. ஒரு போட்டோவுக்கே நாலு பேருக்குப் பின்னாடி ஒளியிற ஆளு. சாயங்காலம் வீட்டுக்குப் போயி, கோட்டி பிடிச்சிருச்சா மதினி உங்களுக்குன்னு கேட்டேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னாக. "என் கூடப்பெறந்த அண்ணன் வண்டி அந்த வழிதானே போகுது ஏத்தா. என்னைப் பாக்கமாட்டேன்னு சொல்லிட்டான். சுவத்தைப் பாக்கமாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல."

மதினிக்குப் பெறந்த ஊரு மல்லாங்கிணறு பக்கம். தாய் தகப்பன் சின்ன வயசுலயே போயிட்டாக, அண்ணன்தான் தூக்கி வளத்தது. எங்க வீடு வேதக்கார வீடு, கிறிஸ்தவங்க. எங்க அண்ணனை இவுகளாப் பிடிச்சுக் கட்டிக்கிட்டதும், மதினியோட அண்ணன் எனக்குத் தங்கச்சியே இல்லன்னு தலைமுழுகிட்டாரு. நிசமாவே ஊர்க் கிணத்துல போயி முழுகினாராம். மதினிக்குப் பிள்ளை பெறந்தப்பவும் வரல, அந்தப் பிள்ளை பெரியவளானப்பவும் வரல. இப்ப ஒரு கம்பெனி வண்டி ஓட்டுறாரு. தினமும் காலையில மல்லாங்கிணறுப் பக்கத்து ஆளுகளை ஏத்திக்கிட்டு எங்க பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போவாரு. மதினி ஏறுற வண்டி வேற கம்பெனியோடது, அது விடியும்போதே போயிரும். இவரு போறதை அவுக பாக்கக்கூட முடியாது.

இதைக் கேட்டதுக்கப்பறம் என்னால வேண்டாம்னு சொல்ல முடியல. மதினியே போயி அவுக போர்மேன்கிட்டயும் கேட்டுட்டாக. கம்பெனி பேரு வருமான்னாராம், வராதுன்னதும், அப்ப என்னமும் பண்ணிக்கோன்னுட்டாராம். ஓவியரு மேல இருந்த சந்தேகம் மட்டும் எனக்குத் துளிகூடக் குறையல. அவருக்கு ஒரு காரியம் ஆகணும், மதினிக்கு ஒரு காரியம் ஆகணும். ரெண்டும் ஒரே சுவத்துல எப்படி ஒத்துப்போகும்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் மதினியை அஞ்சாம் வகுப்புல உக்கார வச்சுப் பென்சில்ல வரைஞ்சாரு. சும்மா உக்காந்து பழக்கமில்லாதவுக. மடியில கிடந்த கை ரெண்டும் எதையாவது உருட்டிக்கிட்டே இருந்துச்சு. சுவத்துல முகம் எழும்ப ஒரு வாரம் ஆச்சு. முகம் பூராவும் சாம்பல் கலரு. கன்னத்துல கட்டுக்கட்டாக் கோடு. வலது கண்ணு மட்டும் நல்ல நீலம். கழுத்துக்குக் கீழ ஒண்ணுமில்ல, வெறும் சுண்ணாம்பு. டீக்கடையில உக்காந்திருந்த பிரஸ் ஆளு ஒருத்தரு, "ஏன் சார், ஒரு கண்ணுக்குத்தான் கலர் ஆர்டர் வந்துச்சா?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாக, ஓவியரும் சேந்து சிரிச்சாரு. எனக்கென்னமோ அந்தச் சாம்பல் கலரு பிடிக்கல. கருப்பு வெள்ளை வேண்டாமே, வேற கலரு பூசுங்களேன்னு சொல்லிப் பாத்தேன். அந்தத் தொழில்ல முகத்துல படியிற கலர் அதுதானே டீச்சர்னாரு. அவரு சொன்னதுலயும் நியாயம் இல்லாம இல்ல.

மதினி அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நின்னு பாத்தாக. மூக்கு சரியா, கண்ணு சரியான்னு கேக்கல. "நான்தான்னு தெரியுதா ஏத்தா?"

"தெரியுது மதினி."

"ஓடுற வண்டிக்குள்ள இருந்து பாத்தாத் தெரியுமா?"

தெரியும்னேன். நல்லாத்தான் இருந்துச்சு படம். வாயை இறுக்கி மூடிக்கிட்டு, ஆனா யாரையோ கூப்பிடப்போற மாதிரி ஒரு பார்வை. அது மதினி பார்வைதான். அந்த மனுசன் அதை எப்படிப் பிடிச்சாருன்னு இன்னைக்கும் எனக்கு விளங்கல.

அதுல இருந்து தினமும் சாயங்காலம் மதினி கேக்கிறது ஒரே கேள்விதான், "பாத்தானா?" நான் காலையில பள்ளிக்கூட வாசல்ல கண்கொத்திப் பாம்பா நின்னுக்கிட்டிருப்பேன். வண்டி வரும். பள்ளிக்கூடத்துச் சுவரு தொடங்குற இடத்துல அவரு முகம் சரியா டீக்கடைப் பக்கம் திரும்பும், சுவரு முடிஞ்சதும் நேராகும். பாக்காம ஒருத்தனால அப்படித் திரும்ப முடியாது. என்னைக்கோ ஒருநாள் பாத்திருக்காரு, அதான் மறுநாள்ல இருந்து திருப்பிக்கிறாரு. நான் இதை மதினிகிட்ட சொன்னேன். அவுக நம்பல. "அவன் எப்பவுமே டீக்கடையைப் பாத்துத்தான் போவான். டீப் பைத்தியம்"னுட்டு வேலையைப் பாக்கப் போயிட்டாக. முகம் மட்டும் வாடிப்போச்சு.

அப்பறம் ஆயுதபூசை வந்துச்சு. எங்க பக்கம் அன்னைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காத பொருளே இருக்காது. மிசினு, சைக்கிளு, அரிவாமனை, பள்ளிக்கூடத்துக் கரும்பலகை வரைக்கும் வைப்பாக. நாங்க வேதக்காரங்க, நான் அன்னைக்கு வீட்டுல இருந்துட்டேன். மதினியோட வேலை பாக்கிற பொம்பளைக நாலஞ்சு பேரு சேந்து சுவத்துக்குப் பூசை போட்டிருக்காக. பெயிண்டு டப்பாவுக்கு, பிரஷ்ஷுக்கு, இன்னும் அவுக்காத சாரக் கம்புக்கு, சுவத்து நாலு மூலைக்குன்னு வச்சுக்கிட்டே வந்தவுக, நம்ம கூட வேலை பாக்கிறவளை விட்டுரலாமான்னு ஒருத்தி சாரத்துல ஏறி மதினி நெத்தியிலயும் பெருசா ஒரு பொட்டு வச்சுட்டா. மாலை ஒண்ணு மிச்சம் இருந்திருக்கு. அதையும் சாரத்துக் கம்புல கட்டி முகத்தைச் சுத்தித் தொங்கவிட்டுட்டாக. அம்புட்டும் ஆசையில செஞ்சது. கல்யாணத்துக்கப்பறம் பொட்டே வைக்காத எங்க மதினிக்கு, படத்துலயாவது வச்சுப் பாப்போம்னு. ஓவியருக்குச் சந்தோசம் தாங்கல. மக்கள் படத்தைத் தங்களுதா எடுத்துக்கிட்டாங்கன்னு அந்தப் பொண்ணை விட்டு எல்லாத்தையும் படம் பிடிக்கச் சொல்லியிருக்காரு.

சாம்பல் கலருல முகம், நெத்தியில பொட்டு, சுத்தி மாலை. இது எங்க ஊர்ல என்னன்னு பச்சைப்பிள்ளைக்குத் தெரியும். கூட இருந்து செஞ்ச பொம்பளைகளுக்கு மட்டும் தோணல, ஏன்னா மதினி அவுக பக்கத்துலயே நின்னு சிரிச்சுக்கிட்டிருந்திருக்காக.

பூசை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்குக் காலையில நான் சுவத்தைப் பாத்தேன். மாலையைக் கழட்ட ஆளைத் தேடி உள்ள போறதுக்குள்ள ரோட்டுல பிரேக் சத்தம். அவரு வண்டி. வழக்கம்போல டீக்கடைப் பக்கம் திரும்பியிருந்தா ஒண்ணுமில்ல. மஞ்சள் மாலை கண்ணை இழுத்திருச்சு போல. எஞ்சினைக்கூட நிப்பாட்டாம இறங்கி ஓடி வந்தாரு. சுவத்துல ரெண்டு கையையும் வச்சாரு. "தாயீ... ஏ தாயீ..."ன்னு ஒரு சத்தம் போட்டாரு. ஆம்பளை அப்படி அழுது நான் கேட்டதில்ல. நெத்தியைச் சுவத்துல முட்டுறாரு. வண்டிக்குள்ள இருந்த பொம்பளைக யாருக்கு என்னன்னு தெரியாமலே இறங்கி வந்து கூட அழ ஆரம்பிச்சுட்டாக. எந்த ஷெட்டு, என்னைக்கு, எப்பன்னு ஒருத்தி கேக்கிறா, யாருக்கும் பதில் தெரியல.

நான் ஓடிப்போயி அவரு தோளைப் பிடிச்சேன். "அண்ணாச்சி, மதினிக்கு ஒண்ணும் இல்ல. காலையில வண்டியேறி வேலைக்குப் போயிருக்காக. இது பூசைக்குப் போட்ட மாலை."

நான் சொன்னது அவரு மண்டையில ஏற ரொம்ப நேரம் ஆச்சு. என்னையும் சுவத்தையும் மாறி மாறிப் பாத்தாரு. துண்டால முகத்தைத் துடைச்சாரு. வையப்போறாருன்னு நினைச்சேன், வையல. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வண்டியில ஏறிப் போயிட்டாரு. சுவத்தோரமா போனை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்ன பொண்ணை அப்பத்தான் பாத்தேன்.

சாயங்காலம் மதினி வர்ற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளல. சொன்னதும் கீழயே உக்காந்துட்டாக. அழல. திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாக. எந்தக் கையை வச்சான், எம்புட்டு நேரம் நின்னான், நிசமாவே தாயின்னா சொன்னான்னு. சின்னப்பிள்ளையில அப்படித்தான் கூப்பிடுவாராம். ரெண்டு நாளுல ஒரு லீவு சொல்லிட்டு வந்து அந்த வண்டி வர்ற நேரத்துக்குப் பள்ளிக்கூட வாசல்ல நிக்கப்போறேன்னாக. "உசுரோட நிக்கிறதைப் பாத்தா நிப்பாட்டுவான்ல ஏத்தா?" நிப்பாட்டுவாருன்னேன். அன்னைக்கு நானே அதை நம்பிட்டேன்.

ஆனா அந்தப் பொண்ணு எடுத்த வீடியோ அதுக்குள்ள போயிருச்சு. சோகமா வயலின் போட்டு, 'ஓவியத்தின் முன் உடைந்து அழும் தொழிலாளி'ன்னு எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருக்காக. எங்கெங்கயோ இருக்கிறவங்க கண்ணீர்ப் பொம்மையாப் போட்டுத் தள்ளியிருந்தாக. பொழுது அடையுறதுக்குள்ள மல்லாங்கிணறு வரைக்கும் போயிருச்சு. தலைமுழுகினவளுக்கு நடுரோட்டுல நின்னு ஒப்பாரி வச்சான்னு அவுக ஆளுக கேலி பண்ணியிருக்காக. மதினி லீவு சொல்லிட்டு, நல்ல சேலை கட்டிக்கிட்டு வந்து என்கூட நின்ன அன்னைக்கு அதே வண்டி வந்துச்சு. ஓட்டினது வேற ஆளு. ஏன்னு விசாரிச்சேன். பழைய டிரைவரு ஆலங்குளம் பக்கம் போற வண்டியை மாத்தி வாங்கிக்கிட்டாராம்.

மதினி வீட்டுக்குப் போயிட்டாக. நான் நேரா ஓவியருகிட்ட போனேன். நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டேன். அவரு எதிர்த்துப் பேசல. "இத்தனை வருசமா வரையிறேன் டீச்சர். என் படத்துக்கு முன்னாடி ஒரு மனுசன் அழுது நான் பாத்ததே இல்ல. அதான் எல்லாரும் பாக்கட்டும்னு போட்டேன்"னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு அவருக்கு.

"அவரு உங்க படத்துக்கு அழல சார். தங்கச்சிக்கு அழுதாரு."

நாளைக்கே எடுத்துருறேன், கண்காட்சியிலயும் போடமாட்டேன்னாரு. எடுத்து என்ன பிரயோசனம், போனது போனதுதான். ஆனாலும் எடுங்கன்னேன்.

அதுவரைக்கும் அந்த வீடியோவை நான் மதினிக்குக் காட்டல. அவுககிட்ட இருக்கிறது பட்டன் போனு. காட்டினா மனசு ஒடிஞ்சுபோவாகன்னு மறைச்சே வச்சிருந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் போயி, அழிக்கச் சொல்லிட்டு வந்துட்டேன் மதினி, இனி யாரும் பாக்க முடியாதுன்னு சொன்னேன்.

பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தவுக நிமிந்தாக. "அழிக்கச் சொன்னியா? எனக்குக் காட்டாமயா?"

போனை எடுத்துக் குடுத்தேன். கையைச் சேலையில துடைச்சுட்டு வாங்கினாக. முதுகுதான் தெரிஞ்சுச்சு அதுல, முதுகும் சுவத்துல வச்ச ரெண்டு கையும். முடிஞ்சதும் திரும்பப் போடச் சொன்னாக. காதுகிட்ட வச்சுக் கேட்டாக. "இந்தப் பாட்டு அவன் குரலை மறைக்குதே. தாயின்னு சொன்னது கேக்கலையே."

அது அவுக சேத்த வயலின்னேன்.

"என் மக போன்ல ஏத்திக் குடுத்திரு. பாட்டு இல்லாம."

எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. ரோட்டையே மாத்திக்கிட்டுப் போயிட்டாரு, இனி இந்தப் பக்கமே வரமாட்டாரு, இதை வச்சுக்கிட்டு என்ன மதினி செய்யப்போறீகன்னு கத்திட்டேன்.

"நான் செத்தன்னைக்கு வருவான். வந்து இப்படித்தான் அழுவான்"னாக. "அன்னைக்கு என்னால பாக்க முடியாதுல்ல ஏத்தா. இப்பமே பாத்துக்கிறேன்."

நான் வெளிய வந்து அந்த ஓவியருக்கே திரும்பப் போன் போட்டேன். அழிச்சுராதீங்க சார், வயலின் போடாதது ஒண்ணு இருந்தா முதல்ல எனக்கு அனுப்புங்கன்னு கேட்டேன்.